தொட்டிலில் ஒரு பீப்பாய்

கன்னையா எந்த வீட்டுக்குள்ளும் முதலில் மூக்கைத்தான் அனுப்புவார். வாசற்படியில் நின்று கண்ணை மூடிக்கொண்டு இரண்டு இழுப்பு. அதற்குப் பிறகுதான் செருப்பைக் கழற்றுவார். "தனம், ஊபிக் கெழங்கு மாவு நேத்து அரைச்சதில்ல, முந்தாநாளு" என்பார். "உங்கண்ணன் சட்டை தண்ணியப் பாத்து ஒம்பது நாளாச்சு." தனலெட்சுமி அடுப்படியிலிருந்து மறுத்துப் பேசுவதில்லை. ஒன்பது நாள் என்றால் ஒன்பது நாள்தான். பதினோரு வருஷக் குடித்தனத்தில் அந்த மூக்கு ஒரு முறைகூடத் தப்பியதை அவள் பார்த்ததில்லை.

பெண் பார்க்க வந்த அன்றும் அப்படித்தான். எல்லோரும் பெண்ணைப் பார்க்க, மாப்பிள்ளை காப்பித் தம்ளரைப் பார்த்தார். குடிக்கவில்லை. மூக்கை வைத்துவிட்டு, "இந்தக் கொட்டை ரெண்டு மழை நனைஞ்சிருக்கு" என்றார். காப்பிக்கொட்டை விற்ற கடைக்காரனிடம் தனலெட்சுமியின் அண்ணன் தம்புசாமி போய்ச் சண்டை போட்டு, அரைக் கட்டி எடைக்கு நல்ல கொட்டை கூடுதலாக வாங்கி வந்தார். அந்தக் காப்பியில்தான் கல்யாணம் நிச்சயமாயிற்று.

மலாயாவில், கிள்ளானில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் சரக்குக் கிட்டங்கியில் கன்னையா பதினெட்டு வருஷம் பீப்பாய்க் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தார். சீமையிலிருந்து கப்பலில் வந்து இறங்கும் பிராந்தி, விஸ்கிப் பீப்பாய்களை வரிசையாகப் படுக்கவைத்து, மாதம் ஒரு முறை அடைப்பைத் தட்டி எடுத்து முகர்ந்து, எது போத்தலுக்குப் போகலாம், எது இன்னும் ஒரு வருஷம் தூங்கட்டும் என்று சொல்வது அவர் வேலை. முகர்வதோடு சரி. இருபது வயதில் சேக்காளி ஒருவன் வற்புறுத்தி நாக்கில் ஒரு சொட்டு விட, உடம்பெல்லாம் தடித்து, கண் இரண்டும் மூடிக்கொண்டு, மூன்று நாள் சுவரைத் தடவி நடந்தார். இது துரையின் காதுக்குப் போன அன்றே வேலை நிரந்தரமாகிவிட்டது. சாராயக் கிட்டங்கிக்கு, குடிக்க முடியாத கிராணியைவிட வேறென்ன வேண்டும்?

சரக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். "காய்ச்சி இறக்குறப்ப எல்லாச் சாராயமும் ஒண்ணுதான். தண்ணி மாதிரி இருக்கும், நெருப்பு மாதிரி எரியும். நெறமும் கெடையாது, குணமும் கெடையாது. ஓக் மரத்துல படுத்தாத்தான் அது ஆளாகும். உள்பக்கம் நெருப்புக் காட்டிக் கருக்கின மரம். பகல் சூட்டுல சாராயம் மரத்துக்குள்ள போகும், குளுந்தா வெளிய வரும். மனுஷன் மூச்சு விடுற மாதிரிதான். பத்து வருஷம் அப்பிடி மூச்சு விட்டா தேன் நெறம் வரும். உலந்த திராட்சை வாசம், ஆரஞ்சுத் தோலு வாசம், சுருட்டுப் பெட்டி வாசம், ஒண்ணொண்ணா வந்து உக்காரும்." மனிதர்களையும் அவர் இந்தத் தராசில்தான் நிறுப்பார். மச்சான் தம்புசாமியைப் பற்றிக் கேட்டால், "நல்ல மனுஷந்தான். நாப்பது வயசாச்சு, இன்னும் மரத்துல படுக்கல" என்பார்.

ஜப்பான் படை கிள்ளானுக்கு வருவதற்குச் சில நாள் முன்பு, ஒரு சொட்டுக்கூட அவர்கள் கையில் சிக்கக் கூடாது என்று துரை உத்தரவு போட்டுவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். கூலிகள் கோடாலியால் பீப்பாய்களைப் பிளந்தார்கள். இருபது வருஷத்துப் பிராந்தி கால்வாயில் ஓடியது. கிள்ளான் ஜனங்கள் வாளியோடு ஓடிவந்தார்கள். பக்கத்துச் சீனர் வீட்டு வாத்துகள் இரண்டு நாள் பக்கவாட்டில் நடந்தன. கன்னையா மட்டும் கால்வாய் ஓரமாக நின்று, "இது தொண்ணூத்தி ஒண்ணாம் நம்பரு... இது பதினாலாம் நம்பரு..." என்று, பிரேதம் போகும்போது பெயர் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தாராம். வேலை போய், பெண்டாட்டியையும் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மச்சானுடைய ரயில்வே குவாட்டர்ஸுக்கு வந்தபோது, அவர் தோளில் மூன்று கேலன் பிடிக்கிற காலிப் பீப்பாய் ஒன்று இருந்தது. "அரிசி கொண்டாருவீங்கன்னு பாத்தேன்" என்றார் தம்புசாமி. "பதினெட்டு வருஷத்துச் சரக்கு இருந்த மரம் மச்சான். அது இன்னும் எதையும் மறக்கல" என்றார் கன்னையா.

பீப்பாய் ஒரு வருஷத்துக்கு மேல் மூலையில் சும்மா கிடந்தது. பிறகு தனலெட்சுமிக்கு நாள் தள்ளிப்போயிற்று.

பிள்ளை பெற்றவளுக்குக் காயமருந்தோடு பிராந்தி கொடுப்பது இந்த ஊரில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். முதல் இரண்டு பிரசவத்துக்கும் துரையே ஒரு போத்தல் அனுப்பியிருந்தார். இரண்டாவது பெண் பிறந்த அன்று தனலெட்சுமிக்கு உடம்பு சில்லிட்டு, பல் கிட்டி, கைகால் தன்னுடையதில்லை என்று ஆகிவிட்டது. ஒரு மடக்குப் பிராந்தி உள்ளே இறங்கிய பிறகுதான் விரல் அசைந்தது என்று அவள் இன்றைக்கும் சத்தியம் செய்வாள். இப்போது பிராந்தி என்ற சொல்லைக்கூட வெளியே சொல்ல முடியாத காலம். மருத்துவச்சி புஷ்பவல்லி மூன்றாம் மாதமே வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "போன தடவ மாதிரி ஆச்சுன்னா நான் பொறுப்பில்ல. கிராணி, எங்கேயாவது மருந்து தேடி வை."

தம்புசாமி, குவாட்டர்ஸுக்குப் பின்னால், வாழைகளுக்கு நடுவே, மரவள்ளிக் கிழங்கில் சாராயம் காய்ச்சிக்கொண்டிருந்தார். ரயில் பாதைக் கங்காணி. ரேஷனில் குறைந்துபோன அரிசியைச் சாராயத்தால் ஈடுகட்டும் மனிதர். "எங்கிட்ட இருக்கே மாப்பிள, இதக் குடுத்தா போதாதா" என்றார். கன்னையா தகரக் குவளையை மூக்கருகே கொண்டுபோய், சுடுசட்டியைத் தொட்டவர்போலப் பின்வாங்கினார்.

"நேத்துப் பொறந்தது மச்சான் இது. புள்ள பெத்தவ வயித்துல இதப் போய் ஊத்துறதா? இன்னும் ஆறு மாசம் இருக்கு. படுக்க வைப்போம்."

"பத்து வருஷம்னீங்களே."

"அது சீமைக் குளிருக்கு. நம்மூரு வெயிலுக்கு ஒண்ணு மூணா ஓடும்."

அன்றே அதைப் பீப்பாயில் ஊற்றி அடைத்தார்கள். அன்றிலிருந்து பீப்பாயும் தனலெட்சுமியும் ஒன்றாகப் பழுக்க ஆரம்பித்தார்கள். காலையில் இருவருக்கும் வெயில்; மத்தியானம் இருவருக்கும் நிழல். "தனம், கால் வீங்கியிருக்கா?" என்று கேட்டுக்கொண்டே பீப்பாயின் வயிற்றைத் தடவிக்கொடுப்பார். கேள்வி யாருக்கு, கை யாருக்கு என்று அவள் முதலில் குழம்பினாள். பிறகு இரண்டையும் பீப்பாய்க்கே விட்டுவிட்டாள்.

ஆறு மாதமும் போதாது என்று அவருக்குள் அரித்தது. கடலில் ஆடிவந்த பீப்பாய் கரையிலே கிடந்த பீப்பாயைவிடச் சீக்கிரம் பக்குவப்படும் என்று துரை சொல்லியிருக்கிறார். புயலில் மாட்டி வந்த கப்பல் சரக்கு எப்போதும் ஒரு படி மேலே. ஆகவே ஆட்ட வேண்டும். தம்புசாமியின் தள்ளு ட்ராலியில் கட்டித் தண்டவாளத்தில் ஓட்டலாமா என்று கேட்டார். "ட்ராலியில சாராயம் போறத சப்பான்காரன் பாத்தா, எந்தலை தண்டவாளத்துல ஓடும்" என்றார் தம்புசாமி. இரண்டு நாள் யோசித்துவிட்டு, கன்னையா உத்தரத்தில் கயிறு போட்டார்; தனலெட்சுமியின் பழைய சேலை இரண்டை மடித்துத் தொட்டில் கட்டினார்; பீப்பாயை அதில் கிடத்தி ஆட்டத் தொடங்கினார்.

தனலெட்சுமி ஓடிவந்து கயிற்றைப் பிடித்தாள். பிள்ளை பிறக்குமுன் வெறும் தொட்டிலை ஆட்டினால் பிள்ளைக்கு ஆகாது என்று யாருக்குத்தான் தெரியாது? வழக்கு புஷ்பவல்லியிடம் போயிற்று. அவள் தொட்டிலை ஒரு விரலால் அழுத்திப் பார்த்து, "வெறுந்தொட்டில்தானே ஆட்டக்கூடாது? இதுல மூணு கேலன் இருக்கே, ஆட்டட்டும்" என்று தீர்ப்புச் சொன்னாள்.

ஒரு சாயங்காலம் ஒரு ஜப்பான் சிப்பாய் வீடு வீடாகச் சோதனை போட்டுக்கொண்டு வந்தான். தம்புசாமி வளைந்து கும்பிட்டவர் நிமிரவே இல்லை. சிப்பாய் தொட்டிலைப் பார்த்துச் சேலையை விலக்கினான். பீப்பாய். கன்னையா வாயில் விரலை வைத்து, தூங்குகிறது என்பதுபோல ஜாடை காட்டினார். அது தந்திரம் இல்லை. ஆட்டம் நிற்கக் கூடாதே என்ற கவலையில் கை தானாகச் செய்தது. சிப்பாய் பீப்பாயைப் பார்த்தான், தனலெட்சுமியின் வயிற்றைப் பார்த்தான், கன்னையாவின் முகத்தை நெடுநேரம் பார்த்தான். தகப்பனாகப் போகிறவன் பழகிக்கொள்கிறான் என்று நினைத்தானோ, பசியில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தானோ, துப்பாக்கியைத் தோள் மாற்றிக்கொண்டு தானும் இரண்டு தள்ளு தள்ளிவிட்டுப் போனான். "நல்ல தள்ளு. அலை மாதிரி" என்றார் கன்னையா.

இன்னொரு சிக்கல் இருந்தது: சரக்கு குறைந்துகொண்டே வந்தது. கன்னையா அதற்கும் மகிழ்ந்தார். மரத்தின் வழியாக வருஷத்துக்குக் கொஞ்சம் காற்றில் போகத்தான் செய்யும், வெள்ளைக்காரன் அதைத் தேவதை பங்கு என்பான். ஒரு தடவை சீமையிலிருந்து, "கிள்ளான் தேவதைகளுக்கு மட்டும் ஏன் இத்தனை தாகம்?" என்று கேட்டுத் துரைக்குக் கடிதமே வந்ததாம். தனலெட்சுமிக்கு இங்கே எந்தத் தேவதை என்று தெரியும். தொட்டில் அருகே குனிந்து, பப்பாளி இலைத் தண்டை அடைப்பு ஓட்டையில் விட்டு உறிஞ்சிக்கொண்டிருந்ததை அவளே பார்த்தாள்.

"அண்ணே."

தம்புசாமி தண்டை எடுக்காமலே பேசினார். "உனக்காகத்தான் தங்கச்சி. பழுத்திருக்கான்னு பாக்குறேன்."

அண்ணன் வீட்டில் குடியிருந்துகொண்டு அதற்குமேல் என்ன கேட்பது? புருஷனிடம் சொல்லலாம் என்று இருந்தாள். அன்று சாப்பாட்டுக்குப் பிறகு கன்னையா மச்சானைக் கிட்டே கூப்பிட்டார்.

"கொஞ்சம் ஊதுங்க மச்சான்."

"எதுக்கு மாப்பிள?"

"சும்மா ஊதுங்க லா."

தம்புசாமி திருட்டு முழியோடு ஊதினார். கன்னையா அவர் வாயருகே மூக்கை வைத்துக் கண்ணை மூடினார். "புகை போயிருச்சு. ஓரத்துல திராட்சை தலை காட்டுது. நாக்குச் சூட்டுல விரியுற வாசமே வேற. இது எனக்கு அடைப்புத் தொறந்து பாத்தா தெரியாது." கண்ணைத் திறந்தார். "ஆனா இனிமே குடிக்கிறதுக்கு முந்தி கருவாடு சாப்பிடாதீங்க. கணக்குத் தப்புது."

திருட்டு அன்றோடு உத்தியோகமாயிற்று. வெள்ளிக்கிழமைதோறும் தம்புசாமி குளித்து, உப்புப் போட்டு வாய் கொப்பளித்து, ஒரு குவளை குடித்துவிட்டு வந்து ஊதுவார். கன்னையா முகர்வார். இரண்டு ஆண்கள் மூக்கும் வாயுமாக நிற்பதைப் பார்த்துப் பெண் பிள்ளைகள் இரண்டும் சுவருக்குப் பின்னால் விழுந்து சிரிக்கும்.

"உங்க மூக்குக்கு அண்ணன் வாய் வேணும், சரி. எனக்கு என்ன மிஞ்சும்?" என்றாள் தனலெட்சுமி.

"காத்துப் பங்கு போக மிச்சமெல்லாம் உனக்குத்தான் தனம்."

"அந்தக் காத்து ரயில்வேயில வேலை பாக்குதா?"

கன்னையா தொட்டிலை ஆட்டினார். அவள் பீப்பாயைத் தட்டிப் பார்த்தாள். பாதிக்குக் கீழே இருந்து சத்தம் வந்தது. அன்று முதல் அவள் கொல்லைப் பப்பாளி மரத்து இலையை ஒன்று விடாமல் ஒடித்து ஆட்டுக்காரனுக்குக் கொடுத்துவிட்டாள். தம்புசாமி ஒல்லி மூங்கில் குழாய்க்கு மாறினார்.

புஷ்பவல்லி சொன்ன தேதிக்கு ஐந்து வாரம் முன்பே பிள்ளை புறப்பட்டுவிட்டது. மத்தியானம் தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆண் குழந்தை; அணில் குஞ்சு மாதிரி இருந்தாலும் அழுகை ரயில் ஊதுவதுபோல் இருந்தது. எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருக்க, தனலெட்சுமிக்குக் காலிலிருந்து குளிர் ஏறியது. பல் ஒன்றோடொன்று அடித்தது. தெரிந்த குளிர்தான். போன தடவையும் இப்படித்தான் வந்தது.

"கிராணி, மருந்து எடு" என்றாள் புஷ்பவல்லி.

கன்னையா தொட்டிலின் பக்கம் நின்று அடைப்பைத் திறந்தார். முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். "அக்கா, இன்னும் அஞ்சு வாரம் வேணும். அடியில ஒரு கரிப்பு இருக்கு. இத நான் கிட்டங்கியிலேர்ந்து வெளிய விட்டிருக்கவே மாட்டேன்."

"கிட்டங்கியும் இல்ல, தொரையும் இல்ல. எடு."

"அக்கா, பதினெட்டு வருஷத்துல நான் ஒரு பீப்பாயக்கூட..."

"பழுத்திருச்சு மாப்பிள, நான் சொல்றேன்" என்றார் தம்புசாமி வாசலிலிருந்து. அவரை யாரும் பொருட்படுத்தவில்லை.

மூன்று போர்வைக்கு அடியிலிருந்து தனலெட்சுமியின் குரல் வந்தது. "உங்க புள்ள மட்டும் அஞ்சு வாரம் காத்துக்கிட்டா இருந்துச்சு?"

கன்னையா அடைப்பைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தையைப் பார்த்தார். அது கரிப்பும் சுருக்கமுமாக, தேதிக்கு முந்தி வெளியே வந்துவிட்டு, யாருக்கும் மன்னிப்புக் கேட்காமல் கத்திக்கொண்டிருந்தது. அவர் பீப்பாயைச் சாய்த்தார். தம்ளரில் தேன் நிறத்தில் ஒரு விரற்கடை இறங்கியது, இன்னொரு விரற்கடை, மூன்றாவதுக்குப் பீப்பாயை நிமிர்த்தப் போனார். புஷ்பவல்லி தம்ளரைப் பிடுங்கித் தனலெட்சுமியின் வாயில் வைத்தாள்.

அவள் ஒரே மடக்கில் குடித்தாள். கண்ணில் நீர் வந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. மழை மட்டும் பெய்தது. பிறகு பல் அடிப்பது குறைந்தது. பிறகு நின்றது. போர்வைக்கு வெளியே தெரிந்த கால் கட்டைவிரல் ஒரு தரம் மடங்கி விரிந்தது.

கன்னையா பாய் ஓரத்தில் குந்தினார். சரக்கைப் பற்றி வாழ்நாளில் அவர் இன்னொருவரை அபிப்பிராயம் கேட்டதில்லை. துரையைக்கூட.

"எப்படி இருக்கு தனம்?" என்றார்.

தனலெட்சுமி உத்தரத்தைப் பார்த்தபடி உதட்டை ஒரு முறை நக்கிக்கொண்டாள். கையைப் போர்வையிலிருந்து வெளியே எடுத்து, புஷ்பவல்லியிடமிருந்து தம்ளரை வாங்கி, பீப்பாயின் பக்கமாக நீட்டினாள்.