பல வீட்டு அரிசி

நேற்று இரண்டு அரிசிப் பைகளின் அடியில் கிடந்த மிச்சத்தை ஒன்றாகக் களைந்து உலையில் போட்டேன். சிக்கனமாம்! சோறு பாதி குழைந்தும் பாதி விறைத்தும் வந்தது. வீட்டுக்காரர் தட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எனக்கோ ஒரு வாய் வைத்ததுமே இராஜபாளையத்துப் பிறந்த வீடு நினைவுக்கு வந்துவிட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வாக்கப்பட்டு வருவதற்கு முன், எண்பதுகளின் கடைசியில், அங்கே சமையல் என் பொறுப்பு. லட்சணம் இதேதான். ஒவ்வொரு வேளையும் உலையில் போடும் முன் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனி டப்பாவில் போட வேண்டும். அது ஆண்டவருக்கு. எங்கள் சபையில் எல்லா வீட்டிலும் உண்டு. சனிக்கிழமை ஞானம் பெரியம்மா காடாத் துணிப் பையோடு வருவார். சொந்தமெல்லாம் இல்லை, சபைக்காக வீடு வீடாகப் போய் ஜெபித்து, அரிசி வாங்கிப் போகிறவர். அந்த அரிசி, கஞ்சிக்கு வழியில்லாத வீடுகளுக்குப் போகும்.

அப்பா வேலை பார்த்த நூல் மில்லை ஒருநாள் மூடினார்கள். சம்பளத் தகராறு. இன்று திறக்கும், நாளை திறக்கும் என்று இரண்டு மாதம் போனது. அரிசிப் பானையில் கையை விட்டால் நகம் அடியில் இடித்தது.

"ஏட்டி, நமக்கே கஞ்சிக்கு வழியக் காணோம். இன்னும் எடுத்து வைக்கியா?" என்றார் அப்பா.

"கொறச்சு வையி. வைக்காம மட்டும் இருக்காத," என்றாள் அம்மா.

இருவருக்கும் நல்ல பிள்ளையாக விரல்களை மடக்கிக்கொண்டு எடுத்தேன்.

அந்தச் சனிக்கிழமை பெரியம்மா டப்பாவைக் கையில் ஏந்தி எடை பார்த்தார். "தண்ணி குடு தாயி" என்று அடுப்படிக்கே வந்து குடித்துவிட்டு, ஜெபம் பண்ணிப் போனார்.

சாயங்காலம் பை நிறைய அரிசியோடு திரும்பி வந்தார். அப்பா வாசலை மறித்து நின்றார்.

"இது குடுத்துப் பழகுன வீடு. வாங்க மாட்டோம். கொண்டு போயிருங்க."

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பெரியம்மா பையை இறக்கி வைத்தார். "தம்பி, இது யாரு வீட்டு அரிசின்னு எனக்கே தெரியாது. நீ யாருக்கும் தலை குனிய வேண்டாம். உன் வீட்டு அரிசியும் இதுலதான் கெடக்கு."

அப்பா உள்ளே போய், அரிசி புடைக்கும் சுளகைத் தானே எடுத்து வந்து நீட்டினார்.

புழுங்கல், பச்சரிசி, ரேஷன், யாரோ வசதியான வீட்டின் சன்ன ரகம் எல்லாம் கலந்திருந்தது. வடித்தபோது ஒன்று குழைந்தது, ஒன்று வேகவே இல்லை. அப்பா குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டு, "நல்லாத்தான் வடிச்சிருக்கா" என்றார். என் சமையலை அவர் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

மில் பிறகு திறந்தது. அப்பா வேலைக்குப் போனார்.

இப்போது அவரும் இல்லை, பெரியம்மாவும் இல்லை. பெரியம்மாவுக்குப் பிறகு சபையில் சனிக்கிழமை வீடு வீடாக வர யாரையும் போடவில்லை. நான் காணிக்கையைக் கைபேசியிலேயே அனுப்பிவிடுகிறேன். உடனே 'நன்றி' என்று வருகிறது. ஒரு மாதம் குறைத்து அனுப்பினாலும் அதே நன்றிதான். ஏன் குறைந்தது என்று அடுப்படி வரைக்கும் வந்து பார்க்க ஆள் இல்லை.