ராபர்ட் 43

அந்த வருஷம் தேவநேசனுக்கு வயிற்றெரிச்சல் கம்ப்யூட்டர் வழியாக வந்தது. அதற்கு முன்பு அவருக்கு அது வந்ததே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. பர்மாவில், க்யிம்யிண்டைங் படகுத்துறையில் முப்பத்தொரு வருஷம் மூட்டைக் குமாஸ்தாவாக இருந்தவர். அடுத்த மேஜைக்காரருக்குப் புது மின்விசிறி வந்ததற்காக ஒரு கோடை முழுவதும் வியர்வையைத் துடைத்துக்கொண்டே அவரோடு பேசாமல் இருந்தார். பக்கத்து வீட்டில் டெலிபோன் வைத்தபோது, மணி அடிக்கும்போதெல்லாம் தன் வீட்டு ஜன்னலைச் சாத்தினார். ஆனாலும் அவையெல்லாம் பிறத்தியார் பொருள். இந்தத் தடவை அவருடைய பொருளுக்கே ஆபத்து வந்துவிட்டது.

அவருடைய பொருள் ஒரு முக்காலி. மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் அவர்கள் கிறிஸ்தவக் கோவில் திருவிழாவின் இரண்டாம் நாள் சாயங்காலம் ஹவுசி நடக்கும். தொண்ணூறு எண் காய்களைத் துணிப்பையில் போட்டுக் குலுக்கி ஒருவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கூப்பிடுவார். சீட்டில் அந்த எண் உள்ளவர்கள் அடித்துக்கொண்டே வருவார்கள். முழுச் சீட்டையும் முதலில் அடித்து முடித்தவர் "ஹவுஸ்!" என்று கத்த வேண்டும். பரிசு ஒரு டிபன் கேரியர், ஒரு கேக், ஒரு ஜோடி சேவல். பத்தொன்பது வருஷமாக அந்த முக்காலியில் உட்கார்ந்து எண் கூப்பிட்டவர் தேவநேசன்தான். ஆற்றுக்காற்றையும் மீறி மூட்டைக் குறிகளைக் கத்திக் கத்தி ஏறின குரலுக்கு மைக் தேவைப்பட்டதில்லை.

எண்ணை வெறுமனே கூப்பிட மாட்டார். எட்டு வந்தால், "ஆதப்ப செட்டியார் கண்ணாடி, எட்டு!" என்பார். திருவிழாவுக்குத் தவறாமல் வந்து முன்வரிசையில் உட்காரும் செட்டியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்வார், கூட்டம் சிரிக்கும். பதினொன்று, டாலா படித்துறைக் கம்பம். இருபத்திரண்டு, மழைக்கு ஒதுங்கின வாத்து ஜோடி. நாற்பத்து மூன்று, வரவே வராத பஸ். எண்பத்தெட்டுக்கு மட்டும் பெயர் கிடையாது. அதைச் சொல்லிவிட்டு உடனே அடுத்த காய்க்குக் கையை விட்டுவிடுவார். எண்பத்தெட்டாம் வருஷம் அந்த ஊர்த் தெருக்களில் துப்பாக்கி வெடித்தது; ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

2009 மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து கோவில் வளவில் மொஹிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ் கடையைச் சுற்றி எல்லாரும் கிண்ணமும் கையுமாக நின்றிருந்தார்கள். நடுவில் ராபர்ட். தேவநேசன் மனைவி தங்கம்மாளின் தம்பி. சுற்றுலாக் கம்பெனி ஆபீசில் வேலை. அங்கே இன்டர்நெட் இருந்தது.

"லண்டன்ல ஒரு பொம்பள, கனடாவுல ஒரு கிழவரு, நான், எல்லாரும் ஒரே ரூம்ல," என்று ராபர்ட் சொல்லிக்கொண்டிருந்தான். "நம்ம ஹவுசியேதான். அங்க பிங்கோம்பாங்க. மூணு தடவ நான்தான் ஹவுஸ்!"

"மூணு தடவையா? சும்மா சொல்லாதீங்க அண்ணே," என்று பக்கத்தில் நின்ற இளம்பெண் ஜாஸ்லின் வாயைப் பிளந்தாள். அவள் கிண்ணத்து மொஹிங்கா ஆறிக்கொண்டிருந்தது. போன வருஷம் வரை அந்தப் பெண் இப்படி வாய் பிளந்தது தேவநேசன் "வாத்து ஜோடி" சொல்லும்போதுதான்.

"அது சரி மச்சான், அங்க நம்பர் கூப்பிடுறது யாரு?" என்றார் தேவநேசன்.

"யாருமில்ல அத்தான். கம்ப்யூட்டரே போட்டுடும். அதுக்கு எதுக்கு ஒரு ஆளு?"

தேவநேசன் பாதிக் கிண்ணத்தைக் கடைக்காரியிடம் திருப்பிக் கொடுத்தார். அதற்குள் திருவிழாக் கமிட்டிச் செயலாளர் ஆண்ட்ரூ, "அப்ப இந்த வருஷம் ராபர்ட்டே ஹவுசியை நடத்தட்டுமே! உலக அனுபவம் இருக்கு. நம்ம ஸயாவுக்கும் ஓய்வு," என்றார். வயசில் பெரியவர்களைப் பர்மாக்காரர் வழக்கப்படி ஸயா என்றுதான் ஆண்ட்ரூ கூப்பிடுவார்.

எவன் கேட்டான் ஓய்வு? தேவநேசன் குடையைக் கையில் எடுத்துக்கொண்டு, "கமிட்டி இஷ்டம்," என்றார்.

"அவசரமில்ல ஸயா. நோட்டீஸ் அடிக்கிறதுக்கு முன்னால முடிவு பண்ணுவோம்."

வீட்டில் தங்கம்மாள் கேட்டாள். "என் தம்பி நாலு பேர் மத்தியில பேசினா உங்களுக்கு ஏன் சாப்பாடு இறங்க மாட்டேங்குது?"

"மொஹிங்காவுல உப்பு ஜாஸ்தி."

"எனக்கு அளவாத்தானே இருந்துச்சு."

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். போனது ரயில்வே பாலத்தை ஒட்டிய பீர் முகைதீனின் இன்டர்நெட் கடைக்கு. ராபர்ட் ஜெயித்த ஆட்டத்தில் தானும் ஜெயித்துக் காட்டிவிட்டால் அப்புறம் ஆண்ட்ரூவுக்கு என்ன பேச்சு இருக்கிறது? ஆனால் தேவநேசன் கொதிக்க வைத்த தண்ணீரை ஆறவிட்டு மறுபடி கொதிக்க வைத்துக் குடிக்கிறவர். பஸ்ஸில் கண்டக்டரிடம் கேட்ட ஊரையே டிரைவரிடமும் கேட்டுவிட்டு ஏறுகிறவர். நோட்டுப் புத்தகமும் இரண்டு பேனாவும் கொண்டு போயிருந்தார்.

"பாய், இதுல மாட்டிக்காம விளையாடணும். அது முடியுமா சொல்லுங்க."

பீர் முகைதீன் சிரித்தார். "காசு கேக்குற ரூமுக்குள்ள போனாத்தானே மாட்டிக்கிறது? இந்தா, 'ஃப்ரீ'ன்னு போட்டிருக்கான் பாருங்க. உங்களுக்கு இதுதான் வாசல். ஜெயிச்சாலும் வெறும் புள்ளிதான் குடுப்பான்."

"கார்டு நம்பர் கேட்டா?"

"நம்ம ஊர்ல ஏது ஸயா கார்டு? இருந்தாலும் குடுக்கப்படாது. வீட்டு விலாசமும் குடுக்காதீங்க. உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு, இத அனுப்பு அத அனுப்புன்னு கடிதாசு வந்தா, படிக்காம அழிச்சிடுங்க."

"வயசு?"

"பதினெட்டு ஆயிடுச்சான்னு கேப்பான். ஆச்சுன்னு அமுக்குங்க."

"அறுபத்து மூணு ஆச்சே."

"அத அவன் கேக்கல," என்றார் பாய். "ஓரத்துல பேசுறதுக்கு ஒரு கட்டம் வரும். எவளாவது இனிக்க இனிக்க எழுதி ஊரு பேரு கேப்பா. ஹலோன்னு ஒண்ணு எழுதுங்க, போதும்."

"அந்த ஹலோவும் வேணாம்," என்று தேவநேசன் எழுதிக்கொண்டார். அதன் கீழே தானாகவே இரண்டு வரி சேர்த்தார்: 'ஒரே ஒரு சீட்டு. ஒரு மணி நேரம் ஆனதும் எழுந்துவிட வேண்டும், எது எப்படி இருந்தாலும்.' இரண்டாவது வரிக்கு அடிக்கோடு.

கம்ப்யூட்டர் பெயர் கேட்டது.

"சொந்தப் பேரு வேணாம் ஸயா. வாய்க்கு வந்தது ஒண்ணு வைங்க."

அவர் யோசித்தார். பொய்ப் பெயரானாலும் ஒரு பெயர்தானே. நாளைக்கே வாசலில் ஒரு ராணுவ ஜீப் வந்து நின்று, இது யார் என்று கேட்டால்? அந்த நினைப்பு முடிவதற்குள் விரல் முந்திக்கொண்டது. எழுத்தெழுத்தாகத் தேடி அழுத்தினார்: ராபர்ட். எது வந்தாலும் அவன் தலையில் விடியட்டும். ஏற்கனவே நிறைய ராபர்ட்கள் இருப்பதாகவும், கூட ஏதாவது சேர்க்கும்படியும் மெஷின் சொன்னது. ராபர்ட் தினமும் ஆபீசுக்குப் போகிற பஸ் நம்பரைச் சேர்த்தார். ராபர்ட் 43.

"யாரு ஸயா ராபர்ட்?"

"யாரோ ஒருத்தன். விடுங்க."

ரகசியச் சொல்லை அடிக்கும்போது பாய் மரியாதையாகத் தெருப் பக்கம் திரும்பி நின்றார்.

முதல் செவ்வாயில் ஒன்றும் பிடிபடவில்லை. திரை பாதி வந்து நிற்கும். மீதி வருவதற்குள் ஒரு கோப்பை லபெயே டீ குடித்துவிடலாம். வந்தபின் எண்கள் சத்தமே இல்லாமல் விழுந்தன. சீட்டில் இருந்தால் கம்ப்யூட்டரே அடித்துக்கொண்டது. இவ்வளவுதானா? இதற்குத்தான் ஜாஸ்லின் வாயைப் பிளந்தாளா? இரண்டாம் செவ்வாயில் அவரால் பொறுக்க முடியவில்லை. எட்டு விழுந்ததும் வாய் தானாக, "செட்டியார் கண்ணாடி," என்றது. பக்கத்து மெஷினில் மகளுக்குக் கடிதம் அடித்துக்கொண்டிருந்த தைலம்மாள் திரும்பிப் பார்த்தாள். பதினொன்றுக்கு, "டாலா கம்பம்." அவள் கடிதத்தை விட்டுவிட்டு இந்தப் பக்கம் நாற்காலியை நகர்த்திக்கொண்டாள். அன்று அவர் ஜெயிக்கவில்லை. ஆனால் இருபது பேர் இருந்த ரூமில் நாலாவதாக வந்தார். ராபர்ட் மூன்று தடவை முதலாவதாக வந்தவன் என்ற ஞாபகம் வந்து அந்த நாலாவதையும் கசக்க வைத்தது.

மூன்றாம் செவ்வாயில் பாய், "இன்னிக்கு மாசப் பெரிய ஆட்டம், ஸயா. ஃப்ரீதான். எண்ணூறு பேரு," என்றார். தேவநேசன் நோட்டைப் பார்த்தார். இலவசத்துக்கு விரோதமாக அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை. ஒரு சீட்டு எடுத்துக்கொண்டார். இணைப்பு தவழ்ந்தது. பத்தே முக்காலுக்குச் சீட்டில் நாலு எண் பாக்கி. பதினொன்றுக்கு மூன்று நிமிஷம் இருக்கையில் ஒரே எண் பாக்கி: இருபத்திரண்டு. வாத்து ஜோடி.

"வா, வா, மழைக்கு ஒதுங்கு," என்று முணுமுணுத்தார். ஐம்பத்தாறு வந்தது. மூன்று வந்தது. திரை உறைந்து நின்றது. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று ஆனது. தேவநேசனின் கால்கள் எழ மறுத்தன; நோட்டில் அடிக்கோடு போட்ட வரி எழுப்பியது. குடையை எடுத்துக்கொண்டார்.

"ஸயா! ஒரு நம்பர்தானே? இன்னும் ரெண்டு நிமிஷம்!"

"ரெண்டு நிமிஷம்னு உக்காந்தவன்தான், பாய், வீட்ட வித்தவன்," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினார். தெருமுனை வரைக்கும் தன் கட்டுப்பாட்டை மெச்சிக்கொண்டார். அதற்கப்புறம் வீடு வரைக்கும் வாத்துகளை நினைத்துக்கொண்டு போனார்.

அந்த ஞாயிறு அவர் வளவுக்குள் வரும்போதே ராபர்ட்டைச் சுற்றிக் கூட்டம். ஆண்ட்ரூ அவன் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க ஸயா! உங்க மச்சான் பேரை வாங்கிட்டான். நேத்து பாய் கடைக்கு மெயில் பாக்கப் போனேன். சுவத்துல பிரிண்ட் எடுத்து ஒட்டி வச்சிருக்காரு. எண்ணூறு பேர்ல முதல் இடம், ராபர்ட் 43! நம்ம நாப்பத்து மூணாம் நம்பர் பஸ் ராபர்ட்டைத் தவிர வேற யாரு? அங்கேர்ந்து நேரா பிரஸ்ஸுக்குப் போயிட்டேன். நோட்டீஸும் அடிச்சாச்சு."

தேவநேசனுக்கு விளங்கிவிட்டது. வாத்து வந்திருக்கிறது. அவர் படியிறங்கின பிறகு, யாருமில்லாத நாற்காலிக்கு முன்னால் வந்து ஒதுங்கியிருக்கிறது. அவர் ராபர்ட்டைப் பார்த்தார். ராபர்ட் ஒரு கணம் விழித்தான். அப்புறம் மெல்லச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, "சும்மா ஒரு நாள் உக்காந்தேன் அண்ணே. பெரிசா ஒண்ணுமில்ல," என்று ஆண்ட்ரூவிடம் சொன்னான்.

ஜாஸ்லின் வாயைப் பிளந்தாள்.

"அது நான்!" என்று தேவநேசன் கத்தினார். படகுத்துறைக் குரலுக்குக் கோவில் மணிக்கூண்டுப் புறாக்கள் எழும்பிப் பறந்தன.

"ஸயா, பேரு ராபர்ட்டுன்னுல்ல போட்டிருக்கு," என்றார் ஆண்ட்ரூ.

"அந்தப் பேர வச்சதே நான்தான்யா!"

"உங்களுக்கு எதுக்கு ஸயா அவன் பேரு?"

தேவநேசன் குடையை மடக்கி விரித்தார். தங்கம்மாள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"மூணு செவ்வாக்கிழமையா பல் டாக்டர்னு போனீங்களே. ஒரு பல்லும் குறையலியேன்னு பாத்தேன்," என்றாள். "ஏதாச்சும் வில்லங்கம் வந்தா என் தம்பி தலையில விழட்டும்னுதானே?"

கூட்டம் சிரித்தது. தேவநேசனின் காது சிவந்தது. ஆனால் ராபர்ட் சிரிக்கவில்லை.

"எண்ணூறு பேர்லயா அத்தான்?"

"ஆமா."

"எத்தனை சீட்டு?"

"ஒண்ணே ஒண்ணு. கடைசி நம்பருக்கு நான் இருக்கக்கூட இல்ல." சொல்லிவிட்டுத் தேவநேசன் கண்ணைச் சுருக்கினார். "நீ மூணு தடவ ஜெயிச்சியே மச்சான், அந்த ரூம்ல எத்தனை பேரு?"

ராபர்ட் மொஹிங்காப் பானையைப் பார்த்தான். "மூணு பேரு," என்றான். "லண்டன், கனடா, நானு."

அவன் முகத்தில் அப்போது ஏறினதைத் தேவநேசன் உடனே அடையாளம் கண்டுகொண்டார். அறுபத்து மூன்று வருஷமாகக் கண்ணாடியில் பார்த்துப் பழகினது. பசித்தது. கடைக்காரியிடம் போய் ஒரு கிண்ணம் வாங்கினார். உப்பு அளவாக இருந்தது. இன்னொன்றும் வாங்கினார்.

"அத்தானே கூப்பிடட்டும்," என்று ராபர்ட் எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னான். "எனக்குக் கூப்பிடவா தெரியும்? அங்க தானா விழும்."

"அதெல்லாம் சரி," என்று ஆண்ட்ரூ தலையைச் சொறிந்தார். "நோட்டீஸ்? முந்நூறு அடிச்சாச்சு. ஆத்துக்கு அந்தப் பக்கம் டாலா வரைக்கும் குடுத்தனுப்பிட்டேன்."

அப்படியாக அந்த வருஷத் திருவிழாவில் முக்காலி தேவநேசனுக்கே கிடைத்தது. அவருக்குப் பின்னால் சுவரில் பெரிய எழுத்தில், 'ஹவுசி நடத்துபவர்: உலக பிங்கோ வெற்றியாளர் திரு. ராபர்ட்.' எட்டு வந்தது. செட்டியார் கண்ணாடியைத் துடைத்தார். வாத்து ஜோடி வந்தபோது தேவநேசன் வழக்கத்தைவிட உரக்கக் கூப்பிட்டார். எண்பத்தெட்டைச் சொல்லிவிட்டு அடுத்ததற்குக் கையை விட்டார்.

முடிந்ததும் டாலாவிலிருந்து வந்த அய்யாசாமி என்கிற பெரியவர், ஜெயித்த சேவல் ஜோடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து அவர் கையைப் பிடித்து, பர்மாக்காரர் மரியாதையில் 'ஊ' சேர்த்துக் கூப்பிட்டார்.

"இந்த மாதிரி கூப்பிட்டு நான் கேட்டதே இல்லீங்க. ஊ ராபர்ட், அடுத்த வருஷமும் நீங்கதான் வரணும்!"

நாலடி தள்ளி லபெயே குடித்துக்கொண்டிருந்த ராபர்ட் காலரைச் சரிசெய்துகொண்டு அய்யாசாமியைப் பார்த்துக் கை அசைத்தான்.

தேவநேசன் பல்லைக் கடித்துக்கொண்டு, "வர்றேங்க," என்றார்.