தேயிலை வேனில் குடித்தனம்

இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்கிறவர்களைத் தேடித் தேடிப் போய் டீ கொடுப்பது ஒரு தொழில். அந்தத் தொழிலில் நான் சில வருஷம் இருந்தேன். யுத்தத்துக்குக் கொஞ்சம் முந்திய காலம். சேலம் ஜில்லாக் கிராமங்களில் டீ என்றால் காய்ச்சல்காரன் குடிக்கிற கசாயம் என்று நினைத்திருந்தார்கள். அவர்களைப் பழக்குவதற்காக ஒரு தேயிலைக் கம்பெனி, லாரிச் சட்டத்தின் மேல் மரக்கூண்டு கட்டிய வேன் ஒன்றில் தண்ணீர்ப் பீப்பாய், ஸ்டவ், கிராமபோன் எல்லாம் ஏற்றி, ஓட்டவும் டீ போடவும் என்னை வைத்தது. பாட்டு வைத்துக் கூட்டம் சேர்க்கிற வேலை காதர் பாய்க்கு. சேலம் கோட்டைப் பக்கத்துக்காரர், என்னைவிட மூத்தவர். குரலை எடுத்தால் சந்தையே திரும்பிப் பார்க்கும்.

வாடகை வீட்டில் காலம் தள்ளியவர்களுக்கு நான் சொல்வது புரியும். நானும் என் மனைவி பாவாயியும் அம்மாபேட்டையில் ஒரு ஒற்றை அறையில் இருந்தோம். அந்த அறையில் எங்களுக்கு இரண்டு குழந்தைகள் பிறந்து, இரண்டும் தங்கவில்லை. மூன்றாவது முறை அவள் முழுகாமல் இருந்தபோது, "இந்தச் சுவத்தைப் பாத்துக்கிட்டு இனி என்னால படுக்க முடியாதுங்க. என்னையும் உங்க வண்டியிலயே கூட்டிக்கிட்டுப் போயிருங்க" என்றாள். நம் ரோடுகளில் போனால் இரும்பு நட்டே கழன்று விழும். வயிற்றுப் பிள்ளை என்ன ஆகும் என்று எனக்குப் பயம். ஆனால் அவளுக்கு அந்த அறை மேல் இருந்த பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. கம்பெனிக்குச் சொல்லாமல் குடியேறிவிட்டோம். இந்தக் குழந்தையாவது தங்குமா என்பது ஒன்றுதான் எங்களுக்குக் கவலை. மற்றதெல்லாம் வேடிக்கை.

கிழக்கு எந்தப் பக்கம்?

புது வீட்டுக்குப் போனால் பால் காய்ச்ச வேண்டும் அல்லவா? ராசிபுரம் ரோட்டில் ஒரு புளியமரத்தடியில் வேனை நிறுத்தியதும் பாவாயி செம்பும் பாலுமாகத் தயாராகிவிட்டாள். ஸ்டவ்வைப் பற்ற வைக்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டு, வாசல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்றாள். வேனுக்கு வாசல் பின்பக்கம். அது அப்போது பார்த்திருந்தது தெற்கு. தெற்கு பார்த்த வாசலில் பால் காய்ச்ச அவள் மனசு ஒப்பவில்லை.

எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்டீரிங்கைப் பிடித்தேன். முன்னே போய், பின்னே வந்து, வரப்பில் ஏறி, கடலைக்காட்டுக்காரர் ஒருவரிடம் திட்டும் வாங்கி, ஒரு வழியாக வாசலைக் கிழக்கே கொண்டுவந்து சேர்த்தேன். பால் பொங்கி ஸ்டவ் அணைந்தது. பாவாயி கும்பிட்டாள். நானும் ஏனென்று தெரியாமலே கும்பிட்டேன். மரத்தில் சாய்ந்துகொண்டு இத்தனையும் பார்த்த காதர் பாய் சொன்னார்: "எல்லாரும் வாசல் பார்த்து வீடு தேடுவாங்க. வீட்டைத் திருப்பி வாசலைச் சரிபண்ணின பொம்பளை உலகத்துலயே நீ ஒருத்திதான் தங்கச்சி."

வீடு பார்க்க வந்தவர்கள்

சந்தைக்கு வருகிற ஆண்கள் கிராமபோனைச் சுற்றி நிற்பார்கள். பெண்கள் நேரே பின்பக்கம் போய்விடுவார்கள். சக்கரத்தின் மேல் ஒரு பெண் குடித்தனம் செய்கிறாள் என்கிற சேதி எங்களுக்கு முன்னாலேயே ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்திருந்தது. ராசிபுரம் சந்தையில் ஒரு அம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே ஏறி, அடுப்பு எங்கே, அரிசிப் பானை எங்கே, அம்மிக்கல் எங்கே என்று ஒன்று விடாமல் கேட்டாள். பாவாயி எல்லாவற்றையும் காட்டினாள். கயிறு போட்டுக் கட்டியிருந்த சின்ன அம்மியைத் தொட்டுப் பார்த்து அந்த அம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டாள். கீழே இறங்கியதும் என்னிடம் சொன்னாள்: "ஊட்டுல ஒரு கொறையும் இல்லீங்க. சண்டை வந்தா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயி உக்காரத்தான் இன்னொரு மூலை இல்லீங்க."

கதவைத் திறந்தால்

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட முடியாது. அம்மாபேட்டை அறையில் கதவைத் திறந்தால் எதிர்வீட்டுச் சாக்கடை. வேனில் கதவைத் திறந்தால் இன்றைக்குக் கொல்லிமலை, மேகம் இடுப்பில் சுற்றிக்கொண்டு நிற்கும். நாளைக்கு நாமக்கல் பாறை, முழுசாக ஒரே கல். அதற்கடுத்து ஆத்தூர்ப் பக்கம், கண்ணுக்கு எட்டின மட்டும் பச்சை நெல். எத்தனையோ வருஷம் அதே ஜில்லாவில் இருந்தும் இதையெல்லாம் நான் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பல்குச்சியை வாயில் வைத்தபடி அப்படியே நின்றுவிடுவேன். பாவாயி வயிற்றில் கை வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நிற்பாள். ஒரு நாள் மெதுவாகச் சொன்னாள்: "இதெல்லாம் பாத்துட்டு வளர்ற புள்ளை, வெளிய வராம இருக்குமுங்களா?"

இன்ஸ்பெக்டரின் சர்க்கரை

எங்கள் கொங்கு நாட்டு ஜனங்கள் சும்மா வாங்கிக் குடிக்க மாட்டார்கள். இது சேலம் ஆபீசில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியாது. வேன் மேல் 'இலவசம்' என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பரமத்திப் பக்கம் ஒரு ஊரில் ஒரு டம்ளர் டீ வாங்கினவர் திரும்ப வந்து ஒரு பூசணிக்காய் வைத்தார். அடுத்தவர் ஒரு படி கடலை. இன்னொருவர் முருங்கைக்காய்க் கட்டு. வேண்டாம் என்றால் டம்ளரைக் கீழே வைத்துவிடுவார்கள். சாயங்காலத்துக்குள் தேயிலைப் பெட்டிகளுக்கு மேல் காய்கறி குவிந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கம்பெனி இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தார். பூசணிக்காயைப் பார்த்து முறைத்தார். அதற்குப் பின்னால் பாவாயி உட்கார்ந்திருந்தாள், ஆறு மாத வயிற்றோடு. கம்பெனி வண்டியில் குடும்பம் வைத்தால் வேலை போய்விடும். நான் பூசணிக்காயை நகர்த்தி அவளை மறைக்கப் பார்த்தேன். அவளோ பதறாமல் எழுந்து ஒரு டம்ளர் டீயை நீட்டினாள். அவர் நின்றபடியே குடித்து முடித்தார். டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "நான் வண்டிக்குள்ள எட்டிப் பார்க்கவே இல்லைப்பா. அந்தம்மாகிட்ட சர்க்கரையை மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொல்லு."

மணலில் இறங்கிய வேன்

திருமணிமுத்தாற்றைத் தண்ணீர் இல்லாத நாளில் குறுக்கே கடக்கப் பார்த்தேன். பாதி வழியில் பின்சக்கரம் இரண்டும் மணலுக்குள் போய்விட்டன. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கியது. பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் கயிறு, பனைமட்டை, கடப்பாரை எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். பாரம் குறையட்டும் என்று பாவாயியை இறக்கப் போனேன். சுடுமணலில் வயிற்றுப்பிள்ளைக்காரி கால் வைக்கக்கூடாது என்று தடுத்துவிட்டார்கள். பீப்பாயை இறக்கினார்கள், பெட்டிகளை இறக்கினார்கள், அவளை மட்டும் இறக்கவில்லை.

பிறகு நடந்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு புல்லரிக்கிறது. ஒருவர் குரல் கொடுக்க, வரிசையாகத் தோளைக் கொடுத்து, அவளோடு சேர்த்து வேனின் பின்பக்கத்தைத் தூக்கிவிட்டார்கள். தூக்கியதைப் பொத்தென்று போடவும் இல்லை. மட்டையைச் சக்கரத்துக்குக் கீழே தள்ளும்வரை பிடித்துக்கொண்டு நின்று, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி இறக்கினார்கள். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ரொம்பக் கனமா என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன். தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார்: "தூக்கறதுக்குக் கனமில்லீங்க. ரெண்டு உசுரு உள்ள இருக்குதேன்னு பைய எறக்கினமுங்க, அதுதான் தோளு கடுக்குது."

கட்டுச்சோறு

வெண்ணந்தூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே எங்கள் டீயை யாரும் தொடவில்லை. காரணம் செல்லாயி அக்கா. நல்ல கட்டுமஸ்தான பெண்பிள்ளை, சொந்தமாகத் தோட்டம், எருமை எல்லாம் உண்டு, குழந்தை மட்டும் இல்லை. முதல் டம்ளரை வாங்கி மோந்து பார்த்துவிட்டு, "எங்க எருமைக்குக் கூட இதைக் குடுக்க மாட்டனுங்க" என்று சொல்லிவிட்டாள். ஊரே கேட்டுக்கொண்டது.

ஆனால் பாவாயியைப் பார்த்ததும் அவள் போகவில்லை. எத்தனை மாசம், தாய் வீடு எங்கே என்று விசாரித்தாள். ஒன்பதாம் மாசம், தாயும் தகப்பனும் இல்லை, திருச்செங்கோட்டில் இருந்த வீடும் கைமாறிவிட்டது என்றாள் பாவாயி. செல்லாயி நேரே வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் நாங்கள் புறப்படுகிற நேரத்துக்கு ஊர்ப் பெண்கள் பாத்திரம் பாத்திரமாகச் சோறு எடுத்து வந்தார்கள். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு, எள்ளுச்சோறு. ஒன்பதாம் மாசத்தில் பிள்ளைத்தாய்ச்சிக்குத் தாய் வீட்டார் கொண்டுவர வேண்டிய கட்டுச்சோறு. வேன் வாசலில் பாய் போட்டு அவளை உட்கார வைத்து, பூ வைத்து, ஆளுக்கொரு வாய் ஊட்டினார்கள். பாவாயி அழுதுகொண்டே சாப்பிட்டாள். முதல் இரண்டு முறை அவளுக்கு இதைச் செய்ய யாருமே வரவில்லை.

எல்லாருக்கும் நன்றி சொல்லிவிட்டு, ஆத்தூர்ச் சந்தைக்கு நேரமாகிறதே என்று வண்டியைக் கிளப்பினேன். செல்லாயி அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் வந்து நின்றாள். கட்டுச்சோறு தின்ற பெண் புருஷன் வீட்டில் தங்கக் கூடாதாம், தாய் வீட்டுக்குப் போய்விட வேண்டுமாம். தாய் வீடே இல்லையே என்றேன். "சோறு ஆக்கிப் போட்டது யாருங்க? நானுங்க. அப்ப தாய் ஊடுங்கறது என்ற ஊடுதானுங்க" என்றாள். இது வெறும் வண்டிதானே அக்கா, இதைப் போய்ப் புருஷன் வீடு என்கிறீர்களே என்று ஒரு பாயிண்டை எடுத்துவிட்டேன்.

உள்ளபடி சொல்கிறேன், அதுவரை அதை விளையாட்டுக்குத் தவிர வீடு என்று ஒருத்தரும் ஒப்புக்கொண்டதில்லை. என் சொந்தக்காரர்கள் தெருப்பிழைப்பு என்றார்கள். கம்பெனி கணக்கில் அது வாகனம். வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள். செல்லாயி அக்கா சிரிக்கவில்லை. "பொண்டாட்டி அடுப்புப் பத்த வெக்கிற எடம் ஊடுதானுங்க. அம்மிணி, நீ எறங்கு சாமி" என்றாள்.

பாவாயி என்னைப் பார்த்தாள். நான் எஞ்சினை நிறுத்தினேன்.

பிள்ளை

அதன்பிறகு வேன் எனக்கு ரொம்பப் பெரிதாகப் போய்விட்டது. ஆத்தூரில் டீ ஊற்றினேன், நாமக்கல்லில் டீ ஊற்றினேன், எத்தனை பேர் குடித்தார்கள் என்று கேட்டால் தெரியாது. முதல் இரண்டு தடவையும் எனக்குச் சேதி சொல்ல வந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டு நின்றதுதான் கண்ணில் நின்றது. காதர் பாய் கிராமபோனைக்கூட வைக்காமல், "இறைவன் இருக்கான், நீ ரோட்டைப் பாரு" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஒரு நாள் மத்தியானம் அந்த ஊருக்குள் வேன் நுழைந்தபோது செல்லாயி அக்கா வீட்டு வாசலில் பெண்கள் கூடி நின்றார்கள். ஒருத்தியும் பேசவில்லை. நான் வண்டியை விட்டு இறங்கினேன். காதர் பாய் என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அந்த அமைதியில் உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. அழுகையா அது? சண்டைக்கு வந்த மாதிரி ஒரு கத்தல். நின்ற பெண்கள் பேசாமல் இருந்தது அதைக் கேட்பதற்காகத்தான். செல்லாயி அக்கா பழைய சேலைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்து என் கையில் வைத்தாள். பெண் குழந்தை. சிவக்கச் சிவக்க, உதறிக்கொண்டு, சூடாக இருந்தது. அந்தச் சூட்டை நான் எப்படிச் சொல்லுவேன்? முன்னால் என் கையில் வைத்த இரண்டும் சில்லென்று இருந்தன. பாவாயி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். தூங்குகிறாள், ஒரு குறையும் இல்லை என்றாள் அக்கா.

மூன்று மாசம் முழுசாக முடிகிற வரை அக்கா தாயையும் பிள்ளையையும் விடவில்லை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்குக் கோழிக்குழம்பும் எண்ணெய்க் குளியலும் நடந்தன. அழைத்துப்போகிற நாளில் தாம்பாளத்தில் பழமும் வெற்றிலையும் ஏந்திக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுச் சனமாகக் காதர் பாய் ஒருத்தரே வந்து நின்றார். அவருக்கும் தடபுடலாக விருந்து. பாவாயியை வேனில் ஏற்றி, பிள்ளையை மடியில் கொடுத்து, தொட்டிலுக்கு மேல்கட்டையில் கயிறு போட்டு இழுத்துப் பார்த்தபிறகு அக்கா கீழே இறங்கினாள். புறப்படுமுன், உபசாரத்துக்காக ஒரு டம்ளர் டீயை நீட்டினேன். அவள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அதை நீங்களே குடிச்சுப் போட்டு, தூங்காம ஓட்டுங்க மாப்பிள்ளை. மேடு பள்ளம் பாத்துப் பைய போங்க, என்ற மக உள்ள இருக்கறா."

ஜனங்களை டீக்குப் பழக்கத் தெரியாதவன் என்று கம்பெனி கடைசியில் என்னைப் பற்றி முடிவு கட்டியது நியாயம்தான். அந்த ஊரில் ஒரு டம்ளர்கூடச் செலவாகவில்லை, எனக்கு ஒரு மாமியார் மட்டும் இலவசமாகக் கிடைத்தாள்.