அரண்மனையில் செல்ஃபி எடுக்காத ஏழுமலை அண்ணன்

கம்பெனி டிரெயினிங்குக்காகக் கொரியா வந்த பிறகு இன்றுதான் முதல் லீவு. என்னோடு வேலை செய்யும் கும்மிடிப்பூண்டி ஏழுமலை அண்ணனும் நானும் அரண்மனை பார்க்கப் போனோம்.

பழைய அரண்மனையை எப்போதோ இடித்துவிட்டார்களாம். பழைய படங்களை வைத்து, அதே இடத்தில் அப்படியே திரும்பக் கட்டியிருக்கிறார்கள். கைடு அம்மா போனில் மொழிபெயர்த்துக் காட்டினார்.

அதைப் படித்ததிலிருந்து அண்ணன் ஓரிடத்தில் நிற்கவில்லை. செல்ஃபிக்குக் கூப்பிட்டாலும் வரவில்லை. முற்றத்தில் இங்கும் அங்கும் நடந்துகொண்டே இருந்தார்.

"இன்னாண்ணா ஆச்சு?"

"நம்ம பெயிண்ட் ஷாப்புல ஒரு மூலைய மட்டும் மிதிக்காம சுத்திக்கினு போவேனே, பாத்துக்கிறியா?"

பார்த்திருக்கிறேன். கம்பெனியில் பெயிண்ட் அடிக்கும் பகுதி அது; அங்கே தரை வழுக்கும் போல என்று நினைத்திருந்தேன்.

"அங்கதான்டா எங்க ஊட்டு சாமி மாடம் இருந்துச்சு. ஊட்ட இடிச்சிட்டுத்தான் கம்பெனி கட்னாங்க."

அண்ணன் கைடு அம்மா பக்கம் கை காட்டினார்.

"அந்தம்மாவ கேளு. எங்க ஊட்டு போட்டோ ஒண்ணுகூட இல்ல. வாயால சொன்னா கட்ட முடியுமான்னு கேளு."

போனில் டைப் செய்துவிட்டேன். அந்த அம்மாவிடம் நீட்டத்தான் கை வரவில்லை.

முடியும் என்று அவர் சொல்லிவிட்டால், பெயிண்ட் ஷாப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது? நீங்களே சொல்லுங்கள்.