ஏழாவது கை

சோப்பு, சிமெண்ட், நூல், லாரி என்று நாலு தொழில். எல்லாம் ஒரே குடும்பத்துக்குச் சொந்தம். அதன் தலைமை அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தவளை, கணக்கர் வருஷத்தில் ஒரு நாள் மட்டும், பங்குதாரர் கூட்டத்தன்று, "முதலாளியம்மா" என்று கூப்பிடுவார். கிண்டல்தான், ஆனால் பொய்யில்லை. சோப்புத் தொழிற்சாலையைத் தனிக் கம்பெனியாகப் பதிவு செய்தபோது ஏழு பங்குதாரர்கள் தேவைப்பட்டார்கள். குடும்பத்தில் ஆறு பேர்தான் தேறினார்கள். குடும்பத்துப் பெரியவர் ஏழாவதாக இவள் பேரில் ஒரு பங்கை எழுதிவைத்தார். "நம்ம கூட்டத்துல பங்கை எண்ண வேண்டாம், கையை எண்ணுவோம்" என்பது அவர் போட்ட விதி.

கூட்ட அறிவிப்பை அவளே அடிப்பாள், அவளே உறையில் தன் விலாசம் எழுதுவாள், கிடைத்தது என்று அவளே கையெழுத்தும் போடுவாள். கூட்டத்தில் மூத்தவர் கை உயர்ந்த மறுநொடி இவள் கையும் உயரும். மூத்தவர் என்பது பெரியவரின் மூத்த மகன், அவருக்குப் பின் தலைவரானவர். இவள் கணவன் இறந்தபோது ஐந்து மாதம் இவள் நாற்காலியை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தவர். அதை அவள் ஒரு நாளும் மறந்ததில்லை.

இந்த வருஷத் தீர்மானத்தை அடிக்கும்போது விரல் இரண்டு இடத்தில் தடுமாறியது. சோப்புத் தொழிற்சாலையை விற்பதாம். வாங்குகிறவர்கள் பொட்டலப் பிரிவுக்கு இயந்திரம் கொண்டுவருவார்கள். எண்பது பெண்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மூத்தவர், அவர் மனைவி, தாத்தாவின் பங்கு வந்து சேர்ந்த மகன் ஒரு பக்கம். தம்பி, அவர் மனைவி, தங்கை எதிர்ப் பக்கம். சமமாக வந்தால் தலைவர் சொல்வதே முடிவு. இவளை யாரும் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

அவள் வீட்டின் முதல் பட்டதாரியான மகள், காலையில் தலை வாரிக்கொண்டே கேட்டாள்.

"நீ யார் பக்கம்மா?"

"என்னை யாரு கேட்டா?"

"கேட்டாத்தான் சொல்லுவியா?"

பஸ்ஸில் உட்கார்ந்தபோதும் அந்தக் கேள்வி கூடவே வந்தது. கல்யாணத்துக்கு முன் நாலு வருஷம் அவளும் அந்தப் பொட்டலப் பிரிவில் நின்றவள்தான். தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் அவள் தட்டச்சு வகுப்புக்கு ஓடுவாள். பக்கத்து மேசை அக்காக்கள் இருவர் தங்கள் பெட்டியோடு அவள் பெட்டியையும் நிரப்பி அனுப்புவார்கள். மேஸ்திரி கேட்டால், "இப்பத்தான் தண்ணி குடிக்கப் போனா" என்பார்கள். ஒன்றரை வருஷம் அவள் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தாள்.

கூட்டத்தில் விற்பனைக்கு ஆதரவாக மூன்று கைகள் உயர்ந்தன. மூத்தவர் வழக்கம்போல இவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. எதிர்ப்பவர்கள் என்றதும் மூன்று கைகள். பிறகு, கதவோரம், நாலாவதாக ஒன்று.

"ஏழு பேர்னு நமக்கே மறந்துபோச்சு" என்றாள் தங்கை, மெதுவாக.

மூத்தவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்களா?"

"எனக்கு நாற்காலி கொடுத்தது நீங்க சார். நாற்காலி வரைக்கும் தள்ளிவிட்டது அந்தப் பொட்டலப் பிரிவுக்காரங்க." "ரெண்டு நன்றிக்கும் எனக்கு ஒரு கைதான் இருக்கு."

அவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். எண்ணிக்கையை மறுக்கவில்லை.

"தீர்மானம் தோத்துப்போச்சுன்னு எழுதிக்குங்க" என்றார் கடைசியில். "நாளைக்கு எட்டு மணிக்கே வந்துடுங்க. வாங்க வந்தவங்களுக்கு முடியாதுன்னு கடிதம் அடிக்கணும்."

"சரிங்க சார்" என்று குறிப்பேட்டைத் திறந்தாள். எதிர்ப்பு என்ற இடத்தில் நாலு என்று எழுதும்போது சிரித்துக்கொண்டாள்.