ஆற்றுப் படகும் ஆங்கிலக் கால்வாயும்

நான் வேலை செய்வது பாதையில். மட்டக்களப்பு வாவியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் உழவு இயந்திரங்களையும் ஏற்றிப் போகும் தட்டையான இரும்பு மிதவையை எங்கள் பக்கத்தில் பாதை என்போம். கயிறு கட்டுவதும், பாரம் ஒரு பக்கம் சாயாமல் வாகனங்களை நிறுத்துவதும் என் பொறுப்பு. மனைவி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் நாலு வருடம். பிள்ளைகள் இல்லை. எனக்கு ஆட்களோடு கதை தொடங்க வராது. "கொஞ்சம் தள்ளி நிப்பாட்டுங்க" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் பேசாமல் வீட்டுக்குப் போன நாட்கள் நிறைய உண்டு.

ஆள் சேரும்வரை துறையில் இருந்து கைபேசியில் பழைய யுத்தப் படங்கள் பார்ப்பேன். ஒரு நாள் ஒருவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். காத்தான்குடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் துணி மூட்டைகளோடு வந்து, வாவிக்கு மேற்கே படுவான்கரை ஊர்களில் விற்றுவிட்டுப் பின்னேரம் திரும்பும் வியாபாரி அவர். யார் மூத்தவர் என்று நாங்கள் கேட்டுக்கொண்டதில்லை. முஸ்லிம்கள் மூத்தவரை அழைப்பதுபோல் நான் அவரைக் காக்கா என்பேன், அவர் என்னை அண்ணன் என்பார்.

"என்ன அண்ணன், ஹிட்லரா? பிரான்சை ஆறு கிழமையில புடிச்சவன், இங்கிலாந்த ஏன் விட்டான்? இடையில இரிக்கிற கடல் மட்டக்களப்பிலயிருந்து வாழைச்சேனைக்குப் போற தூரம்தானே!"

"தூரம் கிட்டத்தான் காக்கா. அவனால கடந்திருக்க ஏலாது" என்றேன். நான்தான் சொன்னேனா என்று எனக்கே ஆச்சரியம்.

"செல்லுங்க பாப்பம், ஏன் ஏலாது?"

அப்படித்தான் தொடங்கியது. கரைக்குக் கரை கால் மணித்தியாலம். காலையில் ஒரு கால் மணி, பின்னேரம் ஒரு கால் மணி. அவ்வளவு நேரமும் யுத்தம்தான். அவர் விமானங்களைப் பிடித்துக்கொண்டார். ஆங்கிலேயரின் விமானங்களை முதலில் அடித்து முடித்திருந்தால் மிச்சமெல்லாம் லேசு என்றார். நான் படகுகளைப் பிடித்துக்கொண்டேன். ஜெர்மன்காரன் சேர்த்து வைத்தது கடல் கப்பல்களையல்ல. நிலக்கரியும் மணலும் ஏற்றும் ஆற்றுப் படகுகளை. அடி தட்டை. பலதுக்கு இயந்திரமே இல்லை, இன்னொன்று இழுத்துப் போகவேண்டும். நடக்கிற வேகம். ஆங்கிலேயனின் போர்க்கப்பல் சுடவும் தேவையில்லை, பக்கத்தால் விரைந்து போனாலே அலை ஏறி மூழ்கும் என்பேன்.

"குதிரையும் ஏத்தப் பாத்தவன் காக்கா. எருமை ரெண்டு ஒரு பக்கம் ஒதுங்கினாலே இந்தப் பாதை என்ன பாடு படுது எண்டு கண்டனீங்கதானே?"

"எருமைக்குப் பயிற்சி குடுக்கல்ல. அவன் குதிரைக்குக் குடுத்திருப்பான்!"

பக்கத்தில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். "இவங்க ரெண்டு பேரையும் அனுப்பியிருந்தா யுத்தம் இன்னும் முடிஞ்சிராது" என்று ஒரு ஆசிரியை சொன்னார். எனக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. இரவில் படுத்துக்கொண்டு அடுத்த நாளுக்கான நியாயங்களைத் தேடுவேன். முதல் நாள் ஆட்களை இறக்கினாலும் மறுநாள் சாப்பாடும் குண்டும் யார் கொண்டுபோவது? இப்படி ஒன்று கிடைத்தால் விடியும்வரை பொறுக்க முடியாது. ஒரு வருடத்துக்குக் கிட்ட அப்படிப் போனது. அவர் ஒரு நாளும் விட்டுத் தரவில்லை. "வந்திருப்பான் அண்ணன்" என்று சொல்லித்தான் இறங்குவார்.

பிறகு மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பிய ஒரு பின்னேரம். பாதையை நிறுத்தியிருக்க வேண்டும். எல்லோரும் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் நின்றதால் எடுத்தோம். நடு வாவியில் அலை தட்டையான முன்பக்கத்தால் ஏறி முழங்கால்வரை அடித்தது. ஒரு உழவு இயந்திரம் அரை அடி நகர்ந்தது. பெண்கள் கத்தினார்கள். நான் அது உருளாமல் சில்லுக்குக் கட்டை கொடுத்துவிட்டுத் திரும்பியபோது, காக்காவின் மோட்டார் சைக்கிள் சரிந்து, மூட்டைகள் தண்ணீரில் கிடந்தன. இரண்டு பேரும் சேர்ந்து தூக்கினோம். பெருநாள் வியாபாரத்துக்கு எடுத்து, அன்று விற்காமல் மிஞ்சிய துணிகள். சாயம் இறங்கி அவர் கையெல்லாம் சிவப்பு.

கரை சேர்ந்ததும் அவர் மூட்டையின் மேல் இருந்தார். நான் ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நின்றேன். அவரே நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க செல்றதுதான் சரி அண்ணன். அவன் வந்திருக்க மாட்டான்."

ஒரு வருடமாக நான் கேட்க விரும்பிய வார்த்தை. "ஓம்" என்று மட்டும் சொன்னேன்.

அதன் பிறகு இரண்டு நாள் வந்தார். "சுகமா அண்ணன்?" என்றார். "சுகம்" என்றேன். அவ்வளவுதான். வேறு எதைப் பற்றிக் கதைப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. மூன்றாம் நாளிலிருந்து அவர் பாலத்தால் சுற்றிப் போவதாக யாரோ சொன்னார்கள். பாலத்தில் துணி நனையாது. அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை.

நான் மட்டும் யோசிப்பதை விடவில்லை. இப்போது மற்றப் பக்கம் நின்று யோசித்தேன். கடல் அமைதியான நாட்கள், மூடுபனி, வானம் முழுவதும் அவன் கையில். தேடத் தேட ஜெர்மன்காரனுக்கும் வழிகள் கிடைத்தன. நல்ல வழிகள் இல்லை, ஆனாலும் கால் மணி நேரம் கதைக்கப் போதும்.

லீவு நாளொன்றில் களுவாஞ்சிக்குடிச் சந்தைக்குப் போனேன். வியாழக்கிழமைகளில் அவர் அங்கே துணி விரிப்பார் என்று விசாரித்து வைத்திருந்தேன்.

"அண்ணன்! வாங்க, சாரன் ஒண்டு பாக்கிறீங்களா?"

தேவையில்லாத சாரனைக் கையில் எடுத்தேன். பஸ்ஸில் மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்ததைச் சொன்னேன்.

"காக்கா, நான் மறுகா யோசிச்சுப் பாத்தன். அவன் வந்திருக்கலாம். காத்து இல்லாத நாளாப் பாத்து, பனி மூட்டத்தில..."

அவர் துணி மடிப்பதை நிறுத்தினார். முகத்தில் பழைய சிரிப்பு வரப் பார்த்தது.

"அண்டைக்கு நீங்கதானே வெண்டீங்க. இப்ப என்னத்துக்கு விட்டுத் தாறீங்க?"

பாதையில் கதைக்க ஆளில்லை என்பதுதான் பதில். அவர் காத்துக்கொண்டும் இருந்தார். நான் சாரனின் கரையை விரித்துப் பார்த்தேன். ஒரு பெண் சீத்தைத் துணியை இழுத்து விலை கேட்டாள். அவர் அந்தப் பக்கம் திரும்பினார். நான் சாரனை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.