டிரஸரின் மூன்று கேள்விகள்

என் வீட்டுக்காரரின் பெயர் அம்பிகைபாகன். எழுத்தில் எழுதிவிட்டேன், வாயால் இன்றுவரை சொன்னதில்லை. மலாக்காவில் பத்து பெரண்டாம் என்ற ஊருக்கு உள்ளே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் அவர் டிரஸர், காயம் கட்டி மருந்து கொடுப்பவர். டாக்டர் வாரத்தில் வெள்ளிக்கிழமை மட்டும்தான் வருவார் என்பதால் மற்ற ஆறு நாளும் இவரே டாக்டர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மனிதர். சட்டைக் கொலருக்குக் கஞ்சி போதாவிட்டால் அன்று முழுவதும் என்னோடு கதைக்கமாட்டார். அவ்வளவு ஒழுங்கு.

அந்த ஒழுங்கில் ஒன்றுதான் மூன்று கேள்விகள். யாருக்காவது புத்தி தடுமாறிவிட்டது என்று கங்காணி கூட்டிக்கொண்டு வந்தால், இவர் அந்த ஆளை நாற்காலியில் உட்கார வைத்துக் கேட்பார். இன்றைக்கு என்ன கிழமை? இது எந்த ஊர்? பெரிய துரையின் பெயர் என்ன? பெரிய துரை என்றால் தோட்டத்து வெள்ளைக்கார மேனேஜர். பதில்களைத் தாளில் எழுதி வைப்பார். வெள்ளைக்கார டாக்டர் தாளைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். அதற்குப் பிறகு அந்த ஆள் சிங்கப்பூருக்குக் கப்பலேற வேண்டியதுதான். அங்கேயிருந்த பைத்திய ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த ஒருவரையும் எங்கள் தோட்டம் கண்டதில்லை. அதனால் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் தாய்மார் அந்த மூன்று பதிலையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து வைத்திருந்தார்கள். இதைக் கேள்விப்பட்டு நான் சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

முப்பத்திரண்டாம் ஆண்டு, ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கருப்பாயியின் மூன்று வயது மகள் குளிர்காய்ச்சலில் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே செத்துப்போனாள். அதற்குப் பிறகு கருப்பாயி சாப்பிடவில்லை, யாரோடும் பேசவில்லை. வெட்டுக்கத்தியைக் கையில் வைத்தபடி ஒரே மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாளாம். கங்காணி ரங்கசாமி கூட்டிவந்தார். கிழமையைச் சரியாகச் சொன்னாள். ஊரைச் சரியாகச் சொன்னாள். பெரிய துரை யார் என்றதற்கு கிரஹாம் துரை என்றாள். கிரஹாம் துரை சீமைக்குப் போய், ஹென்றி துரை வந்து மூன்றே நாள் ஆகியிருந்தது. இவர் 'தெரியவில்லை' என்று எழுதினார். அவள் கப்பலேறிப் போனாள்.

பதினாலு மாதம் கழித்து அவள் திரும்பி வந்தாள். முதல் ஆளாக. ஒரு காலையில் இருமல் மருந்துக்குப் போத்தலை நீட்டிக்கொண்டு, "ஐயா, புதுத் தொரை பேரு இப்ப எனக்குத் தெரியும்யா," என்று சொல்லிச் சிரித்தாள். குத்திக் காட்டச் சொல்லவில்லை. சுகமாகிவிட்டேன் என்று காட்டத்தான் சொன்னாள். இவர் அன்று மத்தியானம் சோற்றில் கை வைக்கவில்லை.

மறுநாள் சவரம் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்து, "செவ்வாய்க்கிழமை. பத்து பெரண்டாம். ஹென்றி துரை," என்றார். நான் விளையாட்டு என்று நினைத்தேன். ஒரு வாரத்தில் அது விளையாட்டில்லை என்று தெரிந்தது. யாரோ காதுக்குள் கேட்டுக்கொண்டே இருப்பதாகச் சொன்னார். பதில் சொன்னால் ஒரு நிமிடம் ஓயும், பிறகு மறுபடி கேட்கும். கேட்பது அவருடைய சொந்தக் குரலாம். மனத்தை அடக்கும் புரோமைட் மருந்தைத் தானே கலக்கிக் குடித்துப் பார்த்தார். நான் விபூதி பூசினேன், நூல் கட்டினேன், சவரக் கத்தியை அரிசிப் பானைக்குள் ஒளித்தேன்.

யாரிடம் சொல்வது? மலாக்காவில் எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை கூடினால் முதலில் தேநீர், பிறகு பலகாரம், பிறகு அடுத்த வீட்டுக் கதை. எங்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். தகப்பனுக்குப் பைத்தியம் என்று ஒரு சொல் வெளியே போனால் இரண்டு பேருக்கும் கலியாணம் இல்லை. வெள்ளைக்கார டாக்டரிடம் சொன்னால் தாள், கையெழுத்து, கப்பல். அந்தத் தாள் எப்படி நிரம்பும் என்று எங்கள் வீட்டைவிட யாருக்குத் தெரியும்?

ஒரு புதன்கிழமை அது நடந்தேவிட்டது. ஒரு குழந்தைக்கு ஊசி போடக் கையைப் பிடித்தவர் அப்படியே நின்று, "புதன்கிழமை," என்று உரக்கச் சொன்னாராம். பக்கத்தில் நின்ற கங்காணி ரங்கசாமி, "யாருக்கய்யா கெளம சொல்றீங்க?" என்று கேட்டிருக்கிறார். பிறகு மீசையைத் தடவிக்கொண்டு, "நாளக்கழிச்சு டாக்டர் தொரை வருவாருல்ல?" என்றாராம். வீட்டுக்கு வந்து இவரே இதைச் சொன்னார். வெள்ளிக்கிழமைக்கு ஒரே ஒரு நாள்தான் நடுவில் இருந்தது.

அன்று பின்னேரமே நான் லயத்துக்குப் போனேன். ஏழு வருடம் அந்தத் தோட்டத்தில் இருந்தும் அதற்கு முன் போனதில்லை. போகவேண்டிய தேவை வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்த ஆள் நான். ஒவ்வொரு வாசலிலும் ஒரு முகம் நின்று பார்த்தது. கருப்பாயி ஒரு பலகையைத் துடைத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னாள்.

"ஐயாவுக்குத்தானேம்மா?" என்றாள் அவளே.

நான் பலகையிலிருந்து எழுந்துவிட்டேன். "யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. மருந்து வாங்க வந்தப்ப அவரு ஒதடு அசையிறதப் பாத்தேன். அங்க இருந்தவளுக்குத் தெரியாதா? நான் ஒருத்தர்கிட்டயும் வாயத் தொறக்கல."

"அங்கே அடிப்பினமோ?" என்று கேட்டேன். அதைத்தான் மாதக்கணக்காக யாரிடமாவது கேட்க வேண்டும் என்றிருந்தேன்.

"அடிக்கல. ஆனா மொத மூணு மாசம் பயந்தே செத்தேம்மா. ராவும் பகலும் பூட்டுற சத்தம். அப்பறம் அங்க வேல பாத்த ஒரு ஆயா பக்கத்துல உக்காந்து புள்ளயப் பத்திக் கேட்டுச்சு. அன்னைக்குத்தான் அழுதேன். அழுதப்பறம் சோறு எறங்குச்சு." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "டவுனுக்குப் போற வழியில பாச்சாங்குல விஜயரட்ணம்னு ஒரு டாக்டரு இருக்காரும்மா. முன்ன அங்க வேல பாத்தவரு. ஆயாதான் அவரப் போயிப் பாருன்னுச்சு. மாசம் ஒருக்கா போறேன். யாருக்கும் எழுதிப் போட மாட்டாரு."

விஜயரட்ணம் என்றால் எங்கள் யாழ்ப்பாணத்து ஆள்! ஒரு சீன டாக்டராக இருக்கக்கூடாதா என்று மனம் அடித்துக்கொண்டது. ஆனால் கப்பலை நினைத்தேன். "நீயும் எங்களோட வருவியா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான், அவளை அனுப்பியதே இவர்தான் என்பது உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டேன்.

அவள் எழுந்து வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பிறகு, "வாரேம்மா. அந்தப் பூட்டுச் சத்தத்த இன்னொருத்தரு கேக்க வேணாம்," என்றாள்.

வியாழக்கிழமை காலை, டிரஸருக்குப் பல்வலி, டவுனுக்குப் போகிறோம் என்று ஆபீசில் சொல்லிவிட்டுப் பெரிய ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றோம். கருப்பாயி வந்து பக்கத்தில் நின்றதும் இவர் என் பக்கம் திரும்பினார்.

"இவள் ஏன் வாறாள்? எல்லாருக்கும் சொல்லப் போறாள்," என்று திரும்பி நடக்கத் தொடங்கினார்.

நான் கையைப் பிடித்து இழுத்தேன். "இஞ்சேருங்கோ, நில்லுங்கோ." அவர் நின்றார், ஆனால் வாய் நிற்கவில்லை. "வியாழக்கிழமை. பத்து பெரண்டாம். ஹென்றி துரை. வியாழக்கிழமை. பத்து பெரண்டாம்." சத்தம் ஏறிக்கொண்டே போனது. பஸ்ஸுக்கு நின்ற இரண்டு மலாய்க்காரர்கள் எங்களையே பார்த்தார்கள். தோட்டத்துச் சைக்கிள் ஒன்று மெதுவாகப் போனது. எல்லாம் முடிந்தது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஐயா," என்றாள் கருப்பாயி. அவர் முன்னால் வந்து நின்றாள். "என்கிட்ட அன்னைக்குக் கெளம கேட்டீங்க, ஊரு கேட்டீங்க, தொரை பேரு கேட்டீங்க. எம் புள்ள பேரக் கேக்கவே இல்லயேய்யா."

அவருடைய வாய் நின்றது. அவ்வளவு நாளில் அது இப்படி முழுதாக ஓய்ந்து நான் பார்த்தது அப்போதுதான். அவளையே பார்த்தார்.

"உன்ர பிள்ளையின்ர பேர் என்ன?" என்றார்.

"பவுனம்மா."

"பவுனம்மா," என்றார் இவர். பஸ் வந்தது. பாச்சாங் வரை அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அது சுகமா, இன்னும் மோசமா என்று தெரியாமல் நான் வழியெல்லாம் பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டே வந்தேன்.

டாக்டரின் அறைக்குப் பாதிக் கதவுதான். நானும் கருப்பாயியும் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே பேசுவது கேட்டது.

"உங்களுக்கு என்ன செய்யுது?" என்றார் டாக்டர்.

உள்ளே நாற்காலி கிரீச்சிட்டது. இப்போது கிழமை சொல்லப்போகிறார், துரை பெயர் சொல்லப்போகிறார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"பவுனம்மா எண்டு ஒரு பிள்ளை," என்று தொடங்கினார்.

கருப்பாயி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். நான் அவள் கையைப் பிடித்தேன். அவர் வெளியே வரும்வரை விடவில்லை.